பெயர் கைமாறியது, நிரல் பிரிந்தது: ஃபோர்க் எப்படிப் பிறக்கிறது?

2010 செப்டம்பர் 28 அன்று, ஓப்பன்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளைப் பல ஆண்டுகளாக வளர்த்துவந்தவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். இனி எந்த ஒரு நிறுவனத்தையும் சார்ந்திருக்கப் போவதில்லை, தங்களுக்கென்று ஓர் அறக்கட்டளை அமைக்கப் போகிறோம் என்பது அதன் சாரம். அறக்கட்டளைக்கு 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்று பெயர் வைத்தார்கள். மென்பொருளுக்கு லிப்ரேஆஃபிஸ் என்று பெயரிட்டார்கள், அதுவும் தற்காலிகமாக. ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரை அதன் உரிமையாளர் கொடுத்துவிட்டால் பழைய பெயரிலேயே தொடரலாம் என்ற எண்ணம் அப்போது அவர்களுக்கு இருந்தது.

அந்த உரிமையாளர் ஆரக்கிள் நிறுவனம். ஓப்பன்ஆஃபிஸைத் தாங்கிநின்ற சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கி முடித்தது அதே ஆண்டு ஜனவரி 27 அன்று. விலை ஏறத்தாழ 740 கோடி டாலர். எட்டு மாதங்களில் ஆட்கள் தனியே கிளம்பிவிட்டார்கள். கிளம்பியவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. மென்பொருளின் மொத்த நிரலையும், அது வளர்ந்துவந்த வரலாற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சட்டத்தை மீறியும் போகவில்லை.

ஒருவர் காசு கொடுத்து வாங்கிய ஒன்றை மற்றவர்கள் எப்படி எடுத்துப் போக முடியும்? ஃபோர்க் என்ற கருத்தின் மையமே இந்தக் கேள்விதான்.

மனிதர்கள் எழுதிப் படிக்கும் வடிவில் இருக்கும் மென்பொருளை மூல நிரல் என்கிறோம். நாம் கணினியில் நிறுவிக்கொள்வது அதிலிருந்து உருவாக்கப்பட்ட, இயந்திரத்துக்குப் புரியும் வடிவம். பெரும்பாலான வணிக மென்பொருள்களில் மூல நிரல் வெளியே வருவதே இல்லை. திறமூல மென்பொருளில் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது, அதனோடு ஓர் உரிமமும் வரவேண்டும். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையோ மாற்றாததையோ பிறருக்குக் கொடுக்கலாம் என்று அந்த உரிமம் முன்கூட்டியே அனுமதி தருகிறது. ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி என்று பல உரிமங்கள் இருக்கின்றன. நிபந்தனைகளில் அவை வேறுபட்டாலும் இந்த அடிப்படை அனுமதி எல்லாவற்றிலும் உண்டு.

அந்த அனுமதி ஒரு நாள் கொடுத்து மறுநாள் பறித்துக்கொள்ளும் சலுகை அல்ல. ஒரு பதிப்பு திறமூல உரிமத்தில் வெளிவந்துவிட்டால், அந்தப் பதிப்பு நடைமுறையில் என்றைக்கும் அந்த உரிமத்திலேயே இருக்கும். பதிப்புரிமை நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகலாம். வந்தவர் அடுத்த பதிப்பின் உரிமத்தை மாற்றலாம். நேற்று வெளியானதைத் திரும்ப வாங்க அவரால் முடியாது. நேற்று வரைக்குமான நிரலை எடுத்து, அங்கிருந்து வேறு திசையில் நடக்க யாருக்கும் உரிமை உண்டு. அப்படிப் பிரிந்து நடப்பதைத்தான் ஃபோர்க் என்கிறார்கள்.

ஒரு மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்துக்குத் தமிழில் கவை என்று பெயர். இந்தக் கருத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கவைக்குக் கீழே ஒரே தண்டு, மேலே இரண்டு கிளைகள். ஃபோர்க்கிலும் பிரிந்த நாள் வரைக்கும் இரண்டுக்கும் ஒரே வரலாறு, அதற்குப் பிறகு தனித்தனி வளர்ச்சி. ஆனாலும் நிரலாளர்கள் பேச்சில் ஃபோர்க் என்ற சொல்லே புழங்குவதால் நானும் அதையே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். நிரலாளர்கள் தங்கள் நிரலை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் 'ஃபோர்க்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் திட்டத்தின் நகல் ஒன்று உங்கள் கணக்கில் உருவாகும். பெரும்பாலும் அதில் ஒரு வழுவை, அதாவது நிரலில் உள்ள பிழையைத் திருத்தி மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒத்துழைப்பின் ஒரு வழி, அங்கே யாரும் யாரையும் பிரிவதில்லை. நான் இந்தக் கட்டுரையில் பேசுவது மற்றதை: புதுப் பெயர், புது நிர்வாகம், புது வெளியீடுகள் என்று குடும்பமே தனியாகப் போவதை.

சரி, நிறுவனம் கொடுத்த பணத்துக்கு என்னதான் கிடைத்தது? பெயரும் சின்னமும் கிடைத்தன. அவை வணிகக் குறிகள், திறமூல உரிமம் அவற்றைத் தொடுவதில்லை. இணைய முகவரி, சர்வர்கள், வழுக்களைப் பதிவுசெய்யும் அமைப்பு, சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் ஆகியவையும் கிடைத்தன. நிரலின் பதிப்புரிமையும் பெரும்பாலும் கிடைத்தது. பிரிந்து போகிறவர்கள் இவை எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. நிரல் ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது. மீதி எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

லிப்ரேஆஃபிஸ் கதையில் அந்தக் கட்டுமானம் எப்படி நடந்தது என்பதை நான் பல முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முதலில், பிரிவு ஒரே நாளில் வந்ததல்ல. சன் காலத்திலேயே வெளியாட்கள் அனுப்பும் திருத்தங்கள் சேர்க்கப்படாமல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கின்றன என்ற மனக்குறை இருந்தது. பங்களிப்பவர்கள் தங்கள் நிரலின் பதிப்புரிமையில் சன்னுக்கும் பங்கு கொடுத்துக் கையெழுத்திட வேண்டியிருந்தது. இதனால் சேராமல் நின்ற திருத்தங்களை எல்லாம் திரட்டி, 'கோ-ஊ' என்ற பெயரில் ஒரு தொகுப்பே இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துத் தொகுத்துத் தரும் லினக்ஸ் விநியோகங்கள் பலவும் ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரில் பயனர்களுக்குக் கொடுத்தது இந்தத் திருத்தங்கள் சேர்ந்த வடிவத்தைத்தான். ஆக, கைமாற்றம் வந்தபோது தனியாக நடப்பதற்கான பயிற்சி பலருக்கு ஏற்கெனவே இருந்தது.

அறிவிப்பிலேயே ஆரக்கிளையும் அறக்கட்டளையில் சேர அழைத்தார்கள். ஆரக்கிள் சேரவில்லை. ஓப்பன்ஆஃபிஸின் சமூகக் குழுவில் இருந்துகொண்டே புதிய அறக்கட்டளையிலும் இருப்பது முரண், ஆகவே பதவி விலகுங்கள் என்று 2010 அக்டோபரில் அந்த உறுப்பினர்களிடம் சொன்னது. தற்காலிகப் பெயர் நிரந்தரமானது. லிப்ரேஆஃபிஸின் முதல் நிலையான வெளியீடான 3.3, 2011 ஜனவரி 25 அன்று வந்தது. ஜெர்மனியில் அறக்கட்டளையைப் பதிவுசெய்ய 50,000 யூரோ மூலதனம் வேண்டியிருந்தது. பயனர்களிடம் கேட்டார்கள், எட்டே நாட்களில் சேர்ந்துவிட்டது. இந்த எட்டு நாட்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரு மென்பொருளைத் தங்களுடையது என்று எத்தனை பேர் நினைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

பணத்தைவிடப் பெரிய ஆதரவு லினக்ஸ் விநியோகங்களிடமிருந்து வந்தது. 2011இல் உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகிய மூன்றும் ஓப்பன்ஆஃபிஸின் இடத்தில் லிப்ரேஆஃபிஸை வைத்தன. பயனர் தேடிப்போய் நிறுவ வேண்டிய தேவை அவற்றில் இல்லை. அடுத்த பதிப்புக்கு மாறினால் அதுவாகவே வந்து உட்கார்ந்திருக்கும். புதுப் பெயரை மக்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் எந்த ஃபோர்க்குக்கும் மிகக் கடினமான வேலை. அந்த வேலையின் பெரும்பகுதியை விநியோகங்கள் செய்துகொடுத்தன.

இனி ஆரக்கிள் பக்கம். 2011 ஏப்ரலில் ஓப்பன்ஆஃபிஸின் வணிகப் பதிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூன் மாதம் நிரலையும் பெயரையும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இந்த இடத்தில் பதிப்புரிமையின் வலிமை தெரியவருகிறது. அதுவரை எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்த நிரல் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. மற்றவர்களால் செய்ய முடியாத அந்த மாற்றத்தை ஆரக்கிளால் செய்ய முடிந்ததற்குக் காரணம், பங்களிப்பாளர்கள் அன்று போட்டுக்கொடுத்த கையெழுத்துகள். பதிப்புரிமை ஓரிடத்தில் குவிந்திருந்தால் அதை வைத்திருப்பவர் உரிமத்தை மாற்றலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஆயிரக்கணக்கானோர் அவரவர் எழுதியதற்கு அவரவரே உரிமையாளர்கள். அதன் உரிமத்தை மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டும். லிப்ரேஆஃபிஸ் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது: அங்கே பங்களிப்பாளர் யாரும் பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பதில்லை. ஒரு திட்டத்தில் சேர்ந்து நிரல் எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கையெழுத்துக் கேட்டால், எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்று பொறுமையாகப் படியுங்கள். பின்னால் ஒரு நாள் கைமாற்றம் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இரண்டு கிளைகளுக்கும் இடையே நிரல் ஒரு திசையில் மட்டுமே ஓடியது என்பதும் உரிமத்தின் விளைவுதான். அப்பாச்சி உரிமம் தாராளமானது, அங்கே எழுதியதை லிப்ரேஆஃபிஸ் எடுத்துக்கொள்ளலாம். ஓப்பன்ஆஃபிஸ் 4.0இல் வந்த பக்கப்பட்டை அப்படித்தான் லிப்ரேஆஃபிஸுக்குள் வந்தது. ஆனால் லிப்ரேஆஃபிஸின் உரிமம், மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. அதனால் அங்கே எழுதப்படுவதை அப்பாச்சி தன் உரிமத்தில் வெளியிட முடியாது.

பெயரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஜெங்கின்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. நிரலாளர்கள் எழுதும் மாற்றங்களைத் தானாகவே தொகுத்துச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள் அது. சன் நிறுவனத்தில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி அதை ஹட்சன் என்ற பெயரில் தொடங்கினார். ஆரக்கிள் வந்த பிறகு, 2010 இறுதியில், திட்டத்தின் சர்வர்களை எங்கே வைப்பது என்பதில் சண்டை தொடங்கியது. பார்க்கச் சின்ன விஷயம். பேச்சு வளர்ந்தபோது, ஹட்சன் என்ற பெயர் தனக்குச் சொந்தம் என்று ஆரக்கிள் சொன்னது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு நிலைமை முழுதாக உறைத்தது. பெயர் வேறொருவரிடம் இருந்தால் ஒவ்வொரு முடிவுக்கும் அவர் தயவு வேண்டும். 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெயரை ஜெங்கின்ஸ் என்று மாற்ற 214 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு.

இதில் ஃபோர்க் எது? ஆரக்கிளைக் கேட்டால் ஜெங்கின்ஸ்தான் பிரிந்து போனது என்றது. ஜெங்கின்ஸ்காரர்களோ, நாங்கள் அப்படியே இருக்கிறோம், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டோம், பழைய பெயரில் நீங்கள்தான் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றார்கள். சட்டப்படி பார்த்தால் ஆரக்கிள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் தொடங்கியவரும், கூடுதல் வசதிகள் தரும் நீட்சிகளை எழுதியவர்களும், கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் ஜெங்கின்ஸில் இருந்தார்கள். ஹட்சன் பின்னர் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனது, 2017இல் நிறுத்தப்பட்டது. ஜெங்கின்ஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆரக்கிள் விலைக்கு வாங்கியதில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அடக்கம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 2009இலேயே அதன் நிரலிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். மைஎஸ்கியூஎல்லில் இருக்கும் 'மை' அவருடைய மூத்த மகளின் பெயர், மரியா இளைய மகளின் பெயர். 2013இல் விக்கிப்பீடியாவே மரியாடிபிக்கு மாறியது. ஆனால் இங்கே பழைய கிளை காய்ந்துபோகவில்லை. ஆரக்கிள் மைஎஸ்கியூஎல்லைத் தொடர்ந்து வளர்த்தது, இரண்டும் இன்று உயிரோடு இருக்கின்றன. தொடக்கத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே பொருத்த முடிந்தது. ஆண்டுகள் போகப் போக வசதிகள் வேறுபட்டு, இப்போது மாறுவதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கவையிலிருந்து மேலே போகப் போகக் கிளைகளுக்கு இடையே தூரம் கூடத்தானே செய்யும்.

இவை எல்லாம் சர்வர்களுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் மட்டும் நடப்பவை என்று நினைக்க வேண்டாம். 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்' என்று ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான செயலித் தொகுப்பு ஒன்று இருந்தது: படத்தொகுப்பு, நாள்காட்டி, தொடர்புகள், குறிப்பேடு. விளம்பரமில்லாதது, தேவையற்ற அனுமதி கேட்காதது என்பதற்காகவே பலர் அதை விரும்பினார்கள். 2023 இறுதியில் அது ஸிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதில் பங்களித்து வந்த ஒருவர் உடனே ஃபாஸிஃபை என்ற பெயரில் ஃபோர்க் தொடங்கினார்.

கைபேசியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் ஒரு டிஜிட்டல் கையெழுத்தோடு வருகிறது. அதே கையெழுத்து இருந்தால்தான் புதிய பதிப்பைப் பழையதன் மேல் நிறுவ கைபேசி சம்மதிக்கும். செயலியை விற்கும்போது அந்தக் கையெழுத்துச் சாவியும் சேர்ந்தே போகிறது. எனவே தானியங்கிப் புதுப்பிப்பு என்பது புதிய உரிமையாளர் அனுப்புவதைத்தான் கொண்டுவரும். ஃபோர்க் வேறு செயலியாகத்தான் வர முடியும், பயனரே தேடிப்போய் நிறுவ வேண்டும். கைமாறிய செய்தியே எட்டாத பயனர்கள் ஒன்றும் செய்யாமலே புதிய உரிமையாளரின் கீழ் போய்விடுகிறார்கள். லிப்ரேஆஃபிஸுக்கு விநியோகங்கள் செய்த உதவி இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

எல்லா ஃபோர்க்குகளும் பிழைப்பதில்லை, பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்பதே உண்மை. ஒலித் தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியை 2021இல் மியூஸ் குழுமம் வாங்கியது. பயன்பாட்டுத் தகவல்களைச் சேகரிக்கும் வசதியைச் சேர்க்கப் போவதாகச் சொன்னதும் கோபம் கிளம்பியது. அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு தனியுரிமை அறிக்கையின் வாசகங்களால் மறுபடியும் கொந்தளிப்பு, வரிசையாக ஃபோர்க்குகள். அவற்றில் டெனாசிட்டி ஓரளவு நிலைத்தது. பெரும்பாலான பயனர்கள் ஆடாசிட்டியிலேயே இருந்துவிட்டார்கள். வளர்ப்பவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கோபம் ஒரு களஞ்சியத்தை, அதாவது நிரல் சேமித்துவைக்கப்பட்டிருக்கும் இடத்தை நகலெடுக்கும். அடுத்த ஆண்டு வரும் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, நிரலின் மூலைமுடுக்கு தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். ஆனாலும் அந்த ஃபோர்க்குகள் வீண் என்று சொல்ல மாட்டேன். பயனர்கள் வெளியேற முடியும் என்று தெரிந்திருப்பதே உரிமையாளரை யோசிக்கவைக்கிறது.

அண்மைக் காலத்தில் இன்னொரு வகை பெருகியிருக்கிறது. நிறுவனம் கைமாறுவதில்லை. வைத்திருக்கும் நிறுவனமே அடுத்த பதிப்பிலிருந்து உரிமத்தை இறுக்கிவிடுகிறது. 2024 மார்ச் 20 அன்று ரெடிஸ் தரவுத்தளத்துக்கு அது நடந்தது. மார்ச் 28 அன்றே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க் அறிவிக்கப்பட்டது. அமேசான், கூகுள் ஆகியவற்றோடு ஆரக்கிளும் அதற்கு ஆதரவு தந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஃபோர்க் எழக் காரணமாயிருந்த நிறுவனம், இப்போது ஒரு ஃபோர்க்கின் பக்கம். நிறுவனங்களை நல்லவை, கெட்டவை என்று பிரித்துப் பார்ப்பது இந்த விஷயத்தில் பெரிதாக உதவாது. பெயரும் பதிப்புரிமையும் யாரிடம், எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் உதவும். 2025 மேயில் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. வால்கீ தன் வழியில் தொடர்கிறது.

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் விற்கப்பட்டதாகச் செய்தி வந்தால் அன்றே ஓட வேண்டியதில்லை. சில மாதம் பாருங்கள். வழக்கமாக வேலை செய்தவர்களின் பெயர்கள் எந்தக் களஞ்சியத்தில் தெரிகின்றன? ஃபோர்க் தன் பெயரையும் முகவரியையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருக்கிறதா, இல்லை இன்னொரு தனி ஆளிடம் வைத்திருக்கிறதா? முக்கியமாக, கடைசி வெளியீடு எப்போது? முதல் வாரத்தில் எல்லா ஃபோர்க்கும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும்.

பழைய பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஓப்பன்ஆஃபிஸ் 4.1 வந்தது 2014 ஏப்ரலில். அதற்குப் பிறகு சிறு திருத்தங்கள்தான் வந்தன, இதற்கிடையில் லிப்ரேஆஃபிஸ் ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அப்படியும் 2020 வாக்கில் அப்பாச்சி ஓப்பன்ஆஃபிஸின் மொத்தப் பதிவிறக்கங்கள் 30 கோடியைத் தாண்டின. அதே ஆண்டு அக்டோபரில் லிப்ரேஆஃபிஸ்காரர்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். உங்கள் பயனர்களிடம் நாங்கள் இருக்கிறோம் என்பதையாவது சொல்லுங்கள் என்பது அதில் இருந்த கோரிக்கை. பழகிய பெயரைத் தேடி வந்து, வளர்ச்சி குறைந்துபோன மென்பொருளை நிறுவிக்கொண்டு போகிறவர்களை நினைத்து எழுதிய மடல் அது.

அப்படி ஓப்பன்ஆஃபிஸில் இருப்பவர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தால், மாறுவது எளிது என்று சொல்லுங்கள். இரண்டும் சேமிப்பது ஒரே ஓப்பன் டாக்குமென்ட் வடிவத்தில், அது 2006லேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. பத்து ஆண்டுக்கு முன் அங்கே எழுதிய கடிதத்தை லிப்ரேஆஃபிஸில் அப்படியே திறந்து, விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.